சமன்பாடு சமனாக மறுக்கிறதா? அறிகுறியை வைத்துப் பிழையைப் பிடிக்கும் வழி

வேதிச் சமன்பாட்டைச் சமன் செய்ய வரவில்லை என்று சொல்லும் பிள்ளையின் நோட்டை வாங்கிப் பார்த்தால், சமன் செய்த இடத்தில் தவறு இருப்பது அபூர்வம். அதற்கு முன்பே, வாய்ப்பாட்டை எழுதும்போதே ஏதோ ஒன்று நழுவியிருக்கும். அந்தத் தவறான வாய்ப்பாட்டோடு அரை மணி நேரம் மல்லுக்கட்டி, அழித்து அழித்துத் தாளில் ஓட்டை விழுந்த பிறகு, “எனக்கு கெமிஸ்ட்ரி வராது சார்” என்பார்கள். பல வருடமாக இதைக் கேட்கிறேன்; இன்னமும் மனசு கேட்பதில்லை. ஓர் அயனியின் (மின்சுமை கொண்ட அணு அல்லது அணுக்கூட்டம்) இணைதிறன், அதாவது அது மற்றதோடு சேரும் திறனைக் காட்டும் எண், மறந்துபோனதற்காக ஒரு பாடத்தையே கைவிடுகிறார்கள்.

சமன்பாடு எந்த இடத்தில் தகராறு செய்கிறது என்பதைக் கவனித்தால், பிழை எங்கே ஒளிந்திருக்கிறது என்று பெரும்பாலும் தெரிந்துவிடும். பிள்ளைகள் என்னிடம் சொல்லும் சொற்களையே கீழே தலைப்புகளாக வைத்திருக்கிறேன். உங்கள் தொல்லை எதுவோ அங்கே நேராகப் போகலாம்.

ஒரு வேண்டுகோள். சமன்பாடுகளை இங்கே பொருள்களின் பெயரால்தான் எழுதியிருக்கிறேன். ஒவ்வொன்றுக்கும் வாய்ப்பாட்டை நீங்களே நோட்டில் எழுதி, அணுக்களை விரல் வைத்து எண்ணிப் பாருங்கள். ஒவ்வொரு தனிமத்தின் அணுக்களும் இரு பக்கமும் ஒரே எண்ணிக்கையில் வந்தால்தான் சமன். பார்த்து எழுதினால் எண்ணும் பழக்கம் வராது. வாய்ப்பாட்டுக்கு முன்னால் போடும் எண்ணைக் கெழு என்றும், தனிமத்தின் காலடியில் போடும் சிறிய எண்ணைக் கீழெண் என்றும் சொல்கிறேன்.

“எந்த எண்ணைப் போட்டாலும் சமனாகவே மாட்டேன் என்கிறது”

பென்சிலைக் கீழே வைத்துவிடுங்கள். கெழுவைத் தொடவே வேண்டாம். வாய்ப்பாட்டைப் பாருங்கள்.

சுட்ட சுண்ணாம்பில் நீர் ஊற்றினால் கொதித்துக்கொண்டு நீற்றுச் சுண்ணாம்பாகிறது. எளிமையான சேர்க்கை வினை:

கால்சியம் ஆக்சைடு + நீர் → கால்சியம் ஹைட்ராக்சைடு

கெழு எதுவும் தேவையில்லை, எழுதியவுடன் சமன். ஆனால் ஹைட்ராக்சைடைச் சுற்றி அடைப்புக்குறி போடாமல், கடைசியில் மட்டும் 2 என்று எழுதுபவர்களுக்கு இது முடியாத கணக்காகிவிடும். அடைப்புக்குறி இல்லையென்றால் அந்த 2 ஹைட்ரஜனுக்கு மட்டும் சேரும், ஆக்சிஜன் ஒன்றுதான். இடப்பக்கம் ஆக்சிஜன் இரண்டு, வலப்பக்கம் ஒன்று. ஆக்சிஜனைச் சரிசெய்ய வலப்பக்கம் 2 போட்டால் கால்சியமும் இரண்டாகும். அதற்காக இடப்பக்கம் கால்சியம் ஆக்சைடை இரண்டாக்கினால் ஆக்சிஜன் மறுபடி ஒன்று கூடிவிடும். ஆயுள் முழுக்கப் போட்டாலும் முடியாது. ஒரு அடைப்புக்குறியின் வேலை இவ்வளவு.

இந்த அறிகுறி வந்தால் நான் இந்த வரிசையில் பார்ப்பேன். முதலில், இடப்பக்கம் உள்ள ஒவ்வொரு தனிமமும் வலப்பக்கமும் இருக்கிறதா? சமையல் சோடாவைச் சூடாக்கும் சிதைவு வினையில் சோடியம் கார்பனேட்டையும் கார்பன் டை ஆக்சைடையும் எழுதிவிட்டு நீரை மறப்பார்கள். ஹைட்ரஜன் இடப்பக்கம் மட்டும் இருக்கும். எந்தக் கெழுவாலும் அதை வலப்பக்கம் வரவழைக்க முடியாது. சரியானது:

2 சோடியம் பைகார்பனேட் → சோடியம் கார்பனேட் + நீர் + கார்பன் டை ஆக்சைடு

அடுத்து, அடைப்புக்குறிகள். அதற்கடுத்து இணைதிறன். சல்பேட், கார்பனேட் இரண்டுக்கும் 2, நைட்ரேட், ஹைட்ராக்சைடு, பைகார்பனேட் மூன்றுக்கும் 1, பாஸ்பேட்டுக்கு 3, அம்மோனியம் நேர்மின் அயனி, அதற்கு 1. இந்த ஏழையும் தூக்கத்தில் கேட்டாலும் சொல்ல வேண்டும். மனப்பாடத்தை நான் அதிகம் வலியுறுத்துபவன் இல்லை, ஆனால் இந்த இடத்தில் வேறு வழி கிடையாது. இரும்புக்கு 2, 3 என இரண்டு இணைதிறன். தாமிரத்துக்கு 1, 2. வினாவில் ஃபெரஸ் என்றிருந்தால் 2, ஃபெரிக் என்றிருந்தால் 3.

“சமனாகிவிட்டது, ஆனால் தப்பு என்று அடித்துவிட்டார்கள்”

முந்தையதைவிட இது ஆபத்தானது. உங்கள் கண்ணுக்குப் பிழை தெரியாது, எண்ணிப் பார்த்தால் எல்லாம் சரியாகவே இருக்கும்.

ஹைட்ரஜனும் ஆக்சிஜனும் சேர்ந்து நீர் ஆகும் வினையை எடுங்கள். வலப்பக்கம் ஆக்சிஜன் ஒன்று குறைகிறது. அவசரத்தில் இருப்பவர் நீரின் ஆக்சிஜனுக்குக் கீழே ஒரு 2 போட்டுவிடுவார். சமன்! ஆனால் அவர் எழுதியது இப்போது நீர் அல்ல, ஹைட்ரஜன் பெராக்சைடு. காயத்தில் ஊற்றினால் நுரைத்து வருமே, அந்தத் திரவம். கீழெண்ணைத் தொட்டால் பொருளே மாறிவிடும். கெழுவை மாற்றினால் அளவு மட்டும் மாறும். கெழு போட்டுத்தான் சரிசெய்ய வேண்டும்:

2 ஹைட்ரஜன் + ஆக்சிஜன் → 2 நீர்

அலுமினியம் ஆக்சைடிலும் இதே கண்ணி. அலுமினியத்தின் இணைதிறன் 3, ஆக்சிஜனுக்கு 2. ஆகவே வாய்ப்பாட்டில் அலுமினியம் இரண்டு, ஆக்சிஜன் மூன்று. ஒன்றுக்கொன்று என எழுதினாலும் சமன்பாடு அழகாகச் சமனாகும்; அப்படி ஒரு பொருள் உங்கள் சோதனைக்குழாயில் உருவாகாது என்பதுதான் சிக்கல். சரியான வாய்ப்பாட்டுடன் கெழுக்கள் 4, 3, 2 என வரும்.

இன்னொரு வகையும் இந்தத் தலைப்பில்தான் சேரும்: நடக்காத வினையைச் சமன் செய்வது. தாமிரக் கம்பியை ஃபெரஸ் சல்பேட் கரைசலில் போட்டால் ஒன்றும் ஆகாது. தாளில் மட்டும் தாமிரம் இரும்பை விரட்டிவிட்டு உட்கார்ந்துகொள்ளும், அணுக்கள் கணக்கும் சரியாக வரும். எதிர்த்திசையில் இரும்பு ஆணியைத் தாமிர சல்பேட்டில் போடுங்கள்: நீலம் மங்கும், ஆணியில் செம்பழுப்புப் படலம் படியும். இடப்பெயர்ச்சி வினை எழுதும் முன் வினைபடு வரிசையில் (உலோகங்களை வினைத்திறன் குறையும் வரிசையில் அடுக்கிய பட்டியல்) யார் மேலே என்று பார்த்துவிடுங்கள். தாமிரமும் நீர்த்த ஹைட்ரோகுளோரிக் அமிலமும் அதே காரணத்தால் வினைபுரியாது.

“விளைபொருள் என்ன வரும் என்றே தெரியவில்லை”

வினையின் வகை தெரிந்தால் பாதி விளைபொருள் தானாக வந்துவிடும். கார்பனும் ஹைட்ரஜனும் உள்ள எரிபொருள் போதிய காற்றில் எரிந்தால் கார்பன் டை ஆக்சைடும் நீரும். அமிலமும் காரமும் சேர்ந்தால் உப்பும் நீரும். உலோகக் கார்பனேட்டைச் சூடாக்கினால் பெரும்பாலும் உலோக ஆக்சைடும் கார்பன் டை ஆக்சைடும். சுண்ணாம்புக் காளவாயில் நடப்பது இதுதான்; 100 கிராம் கால்சியம் கார்பனேட்டிலிருந்து 56 கிராம் சுட்ட சுண்ணாம்பு மிஞ்சும், 44 கிராம் வாயுவாகப் போகும். ஆனால் சோடியம் கார்பனேட் சாதாரணச் சுடரில் சிதையாது.

பிள்ளைகள் தடுமாறும் இடம் இரட்டை இடப்பெயர்ச்சி. இரண்டு உப்புகளும் துணையை மாற்றிக்கொள்கின்றன என்பது எல்லோருக்கும் தெரியும். மாற்றிய பிறகு புதிய வாய்ப்பாட்டை இணைதிறனைப் பார்த்து எழுதாமல், பழைய கீழெண்களையும் கூடவே தூக்கிக்கொண்டு போவதால்தான் கெடுகிறது. லெட் நைட்ரேட்டில் நைட்ரேட் இரண்டு இருக்கிறது. அந்த 2 லெட்டோடு இருந்ததால் வந்தது. பொட்டாசியத்திடம் போகும்போது அது கூட வராது:

லெட் நைட்ரேட் + 2 பொட்டாசியம் அயோடைடு → லெட் அயோடைடு + 2 பொட்டாசியம் நைட்ரேட்

பளிச்சென்று மஞ்சள் வீழ்படிவு விழும் வினை இது. ஒரு முறை பார்த்தவர்கள் மறக்க மாட்டார்கள்.

கார்பனேட்டோடு அமிலம் சேரும்போது துணை மாற்றினால் கார்பானிக் அமிலம் வரும். அதை அப்படியே விடாதீர்கள். நீராகவும் கார்பன் டை ஆக்சைடாகவும் பிரித்து எழுதுங்கள். நுரை வருவதே அதனால்தான்.

“ஒன்றைச் சரிசெய்தால் இன்னொன்று கெடுகிறது”

தொடங்கும் இடம் தவறு. பலர் இடப்பக்கத்தின் முதல் தனிமத்திலிருந்து தொடங்குகிறார்கள், படிப்பது போல. சமன்பாட்டில் மிகச் சிக்கலான வாய்ப்பாடு எதுவோ அதிலிருந்து தொடங்குங்கள். தனியாக நிற்கும் தனிமத்தை (ஆக்சிஜன் வாயு, ஹைட்ரஜன் வாயு, உலோகம்) கடைசிக்கு ஒதுக்குங்கள். அதன் கெழுவை மாற்றினால் வேறெதுவும் அசையாது.

சிவக்கச் சுட்ட இரும்பின் மேல் நீராவியைச் செலுத்தும் வினையில் இது நன்றாகத் தெரியும். விளையும் ஆக்சைடில் இரும்பு மூன்று, ஆக்சிஜன் நான்கு. அதையே பிடித்துக்கொள்ளுங்கள். ஆக்சிஜன் நான்கு வேண்டுமென்றால் நீர் 4. நீர் 4 என்றால் ஹைட்ரஜன் வாயு 4. இரும்பு 3. மூன்று வரியில் முடிந்தது. இரும்பிலிருந்தோ ஹைட்ரஜனிலிருந்தோ தொடங்கியிருந்தால் சுற்றிச் சுற்றி வந்திருப்பீர்கள்.

சல்பேட், ஹைட்ராக்சைடு போன்ற பல்லணு அயனிகள் இரு பக்கமும் உடையாமல் இருந்தால், அவற்றை ஒரே பொட்டலமாக எண்ணுங்கள். அலுமினியம் சல்பேட்டும் கால்சியம் ஹைட்ராக்சைடும் சேரும் வினை பார்க்க மிரட்டும். கந்தகம், ஆக்சிஜன், ஹைட்ரஜன் என்று தனித்தனியாக எண்ணினால் ஆக்சிஜன் மட்டுமே 18 வரும். பொட்டலமாக எண்ணினால் சல்பேட் 3, எனவே கால்சியம் 3. ஹைட்ராக்சைடு 6, எனவே அலுமினியம் ஹைட்ராக்சைடு 2.

அலுமினியம் சல்பேட் + 3 கால்சியம் ஹைட்ராக்சைடு → 2 அலுமினியம் ஹைட்ராக்சைடு + 3 கால்சியம் சல்பேட்

பொட்டலம் உடைந்துவிட்டால் இந்த வழி செல்லாது. லெட் நைட்ரேட்டைச் சூடாக்கினால் நைட்ரேட் சிதைந்து பழுப்பு நிற நைட்ரஜன் டை ஆக்சைடு வரும். அங்கே அணு அணுவாகத்தான் எண்ண வேண்டும்: இரண்டு லெட் நைட்ரேட், இரண்டு லெட் ஆக்சைடு, நான்கு நைட்ரஜன் டை ஆக்சைடு, ஒரு ஆக்சிஜன்.

“ஆக்சிஜன் ஒற்றைப்படையில் நின்றுவிட்டது”

எரிதல் வினைகளில் தினமும் வரும் தொல்லை. வீட்டு கேஸ் சிலிண்டரில் இருப்பது பெரும்பாலும் புரொப்பேனும் பியூட்டேனும். இரண்டையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் பார்க்கலாம்.

புரொப்பேனில் கார்பன் 3, ஹைட்ரஜன் 8. கார்பன் டை ஆக்சைடு 3, நீர் 4. வலப்பக்க ஆக்சிஜன் அணுக்கள் 6 + 4 = 10. ஆக்சிஜன் வாயு இரண்டு அணுக்கள் சேர்ந்த மூலக்கூறு, ஆக 5 போதும்.

புரொப்பேன் + 5 ஆக்சிஜன் → 3 கார்பன் டை ஆக்சைடு + 4 நீர்

நிறையையும் போட்டுப் பார்த்துவிடுங்கள்: 44 + 160 = 204; மறுபக்கம் 132 + 72 = 204. தேர்வு எழுதும்போது நேரம் இருந்தால் இப்படி ஒரு முறை கூட்டிப் பார்ப்பது நல்லது. வினைக்கு முன்னும் பின்னும் நிறை மாறாது என்று லவாய்சியர் 1789-இல் வெளியிட்ட நூலில் வலியுறுத்தியதைத்தான் நாம் ஒவ்வொரு முறையும் சரிபார்க்கிறோம்.

பியூட்டேனில் கார்பன் 4, ஹைட்ரஜன் 10. கார்பன் டை ஆக்சைடு 4, நீர் 5. ஆக்சிஜன் அணுக்கள் 8 + 5 = 13. இரண்டால் வகுபடாது. இந்த இடத்தில்தான் சிலர் பயந்து அழித்துவிட்டு முதலிலிருந்து தொடங்குவார்கள். வேண்டாம்! நீங்கள் செய்தது எல்லாம் சரி. ஆறரை என்றே எழுதுங்கள், பிறகு மொத்தச் சமன்பாட்டையும் இரண்டால் பெருக்குங்கள்.

2 பியூட்டேன் + 13 ஆக்சிஜன் → 8 கார்பன் டை ஆக்சைடு + 10 நீர்

இரட்டிப்பு வருமா வராதா என்பதை முன்கூட்டியே சொல்லிவிட முடியும். கார்பனும் ஹைட்ரஜனும் மட்டும் உள்ள எரிபொருளில் ஹைட்ரஜன் எண்ணிக்கை நான்கால் வகுபட்டால் இரட்டிக்கத் தேவையில்லை: மீத்தேன் 4, எத்திலீன் 4, புரொப்பேன் 8. வகுபடாவிட்டால் இரட்டிக்க வேண்டும்: அசிட்டிலீன் 2, பென்சீன் 6, பியூட்டேன் 10, ஆக்டேன் 18. காரணத்தை ஒரு நிமிடம் யோசித்தால் கண்டுபிடித்துவிடுவீர்கள்: கார்பன் டை ஆக்சைடு எப்போதும் இரட்டைப்படை ஆக்சிஜனைத்தான் கேட்கும், ஒற்றைப்படையைக் கொண்டுவருவது நீர் மட்டுமே, நீரின் எண்ணிக்கையோ ஹைட்ரஜனில் பாதி. பத்தாம் வகுப்பில் ஒரு மாணவி தானாகவே இதைக் கண்டுபிடித்து வந்து சொன்னபோது எனக்கு அன்று முழுக்கச் சந்தோஷம்.

எத்தனால் போல எரிபொருளிலேயே ஆக்சிஜன் இருந்தால் அதைக் கழிக்க மறக்காதீர்கள். கார்பன் டை ஆக்சைடு 2, நீர் 3; வலப்பக்கம் ஆக்சிஜன் 7. ஒற்றைப்படை என்று உடனே இரட்டிக்கப் போவார்கள். எத்தனாலில் ஏற்கெனவே ஒன்று இருக்கிறதே! மிச்சம் 6, ஆக்சிஜன் வாயு 3.

வினாவில் “போதிய காற்று இல்லாமல்” என்று இருந்தால் கார்பன் மோனாக்சைடு எழுத வேண்டும். அப்போது கணக்கு முழுவதும் வேறு: 2 புரொப்பேனுக்கு 7 ஆக்சிஜன், 6 கார்பன் மோனாக்சைடு, 8 நீர்.

“நைட்ரிக் அமிலம் வந்தால் எல்லாம் குழம்புகிறது”

நியாயமான புகார். தாமிரமும் நீர்த்த நைட்ரிக் அமிலமும் சேரும் வினையில் அமிலம் இரண்டு வேலை செய்கிறது. அதன் ஒரு பகுதி ஒடுக்கமடைந்து (எலக்ட்ரான்களை ஏற்று) நைட்ரிக் ஆக்சைடாகிறது. இன்னொரு பகுதி நைட்ரேட்டாகவே தாமிரத்தோடு சேர்கிறது. இரண்டையும் ஒன்றாக எண்ணப் போனால் பிடி கிடைக்காது.

எலக்ட்ரான் கணக்கைப் பிடியுங்கள். தாமிரம் 2 எலக்ட்ரான்களை இழக்கிறது. நைட்ரஜனின் ஆக்சிஜனேற்ற எண் (எலக்ட்ரான் இழப்பையும் ஏற்பையும் கணக்கிட ஓர் அணுவுக்குத் தரும் எண்) 5-இலிருந்து 2-க்கு இறங்குகிறது, அதாவது 3 எலக்ட்ரான்களை ஏற்கிறது. 2-க்கும் 3-க்கும் மீச்சிறு பொது மடங்கு 6. எனவே தாமிரம் 3, நைட்ரிக் ஆக்சைடு 2. மூன்று தாமிர நைட்ரேட்டுக்கு நைட்ரேட் 6 வேண்டும். ஆக மொத்த அமிலம் 2 + 6 = 8. ஹைட்ரஜன் 8, நீர் 4.

3 தாமிரம் + 8 நைட்ரிக் அமிலம் → 3 தாமிர நைட்ரேட் + 2 நைட்ரிக் ஆக்சைடு + 4 நீர்

ஆக்சிஜனை நாம் தொடவே இல்லை. இப்போது எண்ணிப் பாருங்கள்: இடப்பக்கம் 24, வலப்பக்கம் 18 + 2 + 4. தொடாத தனிமம் தானாகப் பொருந்தினால் வழி சரி. அடர் அமிலம் என்றால் விளைவது நைட்ரஜன் டை ஆக்சைடு. கெழுக்கள் 1, 4, 1, 2, 2.

“என் விடை வேறு, நண்பன் விடை வேறு, இரண்டுமே சமன்”

முதலில் பொதுக் காரணி இருக்கிறதா பாருங்கள். 4, 2, 4 என்று எழுதியவரும் 2, 1, 2 என்று எழுதியவரும் ஒன்றையே எழுதியிருக்கிறார்கள். சிறிய முழு எண்களாகச் சுருக்கினால் சண்டை தீர்ந்தது.

சுருக்கியும் ஒத்துவராத வினைகள் சில உண்டு. பொட்டாசியம் பெர்மாங்கனேட், சல்பியூரிக் அமிலம், ஹைட்ரஜன் பெராக்சைடு மூன்றும் சேரும் வினை அப்படிப்பட்டது. ஒருவர் இப்படி எழுதுவார்:

2 பெர்மாங்கனேட் + 3 அமிலம் + 5 பெராக்சைடு → பொட்டாசியம் சல்பேட் + 2 மாங்கனீசு சல்பேட் + 8 நீர் + 5 ஆக்சிஜன்

இன்னொருவர் பெராக்சைடுக்கு 1, நீருக்கு 4, ஆக்சிஜனுக்கு 3 போட்டு, மற்றவற்றை அப்படியே வைத்திருப்பார். எண்ணிப் பாருங்கள், இரண்டிலும் ஒரு அணுகூடப் பிசகாது. முன்னதில் ஆக்சிஜன் இரு பக்கமும் 30, பின்னதில் 22.

சரியானது முதலாவது. இந்த வினையில் வெளிவரும் ஆக்சிஜன் வாயு முழுவதும் பெராக்சைடிலிருந்து வருவது. இரண்டாவது விடையில் ஒரே ஒரு பெராக்சைடு மூலக்கூறிலிருந்து, அதாவது இரண்டு ஆக்சிஜன் அணுக்களிலிருந்து, மூன்று ஆக்சிஜன் மூலக்கூறுகள் வர வேண்டியிருக்கிறது. எலக்ட்ரான் கணக்கும் அதையே சொல்லும்: ஒவ்வொரு மாங்கனீசும் 7-இலிருந்து 2-க்கு இறங்க 5 எலக்ட்ரான் வேண்டும், இரண்டுக்கு 10, ஒவ்வொரு பெராக்சைடும் தருவது 2. ஆகவே 5 பெராக்சைடுதான்.

இரண்டு விடைகள் எப்படி வந்தன? ஒன்றிலிருந்து மற்றதைக் கழித்துப் பாருங்கள். 4 பெராக்சைடு சிதைந்து 4 நீரும் 2 ஆக்சிஜனும் ஆகும் வினை மிஞ்சும். பெராக்சைடு தானாகவே சிதையக்கூடியது. அந்தத் தனி வினையை எத்தனை மடங்கு கூட்டினாலும் கழித்தாலும் அணுக்கணக்கு கெடாது. ஒரே பொருள் தன்னந்தனியாகச் சிதைந்து அதே விளைபொருள்களைத் தரும் இடங்களில் அணுக்களை மட்டும் நம்பக் கூடாது.

“அயனிச் சமன்பாட்டில் அணுக்கள் சரி, ஆனாலும் மதிப்பெண் இல்லை”

மின்சுமையை எண்ணவில்லை. தாமிரத் தகட்டை வெள்ளி நைட்ரேட் கரைசலில் வைக்கும் வினையை அயனியாக எழுதுங்கள். ஒரு தாமிரம், ஒரு வெள்ளி அயனி. வலப்பக்கம் ஒரு தாமிர அயனி, ஒரு வெள்ளி. அணுக்கள் சமன். ஆனால் இடப்பக்க மின்சுமை +1, வலப்பக்கம் +2. வெள்ளி அயனிக்கும் வெள்ளிக்கும் 2 போட்டால்தான் இரு பக்கமும் +2 ஆகும்.

பெர்மாங்கனேட் அயனியை ஃபெரஸ் அயனியோடு அமிலத்தில் சேர்க்கும்போது இதே கணக்கு பெரிதாக வரும்: ஒரு பெர்மாங்கனேட், 5 ஃபெரஸ், 8 ஹைட்ரஜன் அயனி, வலப்பக்கம் ஒரு மாங்கனீசு அயனி, 5 ஃபெரிக், 4 நீர். இடப்பக்க மின்சுமை −1 + 10 + 8, வலப்பக்கம் 2 + 15. இரண்டையும் கூட்டி 17 என்று வந்தால் அடுத்த கணக்குக்குப் போகலாம்.